சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகும் வழி: கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனைப் பணியாளர் வரலாறு

சொல்லும் ஊரும்

பித்து என்னும் சொல்லுக்கு விழுப்புரம் வட்டாரத்தில் தனித்ததொரு வரலாறு உண்டு. மணக்கோலத்தில் நின்ற நம்பியாரூரரைத் தம் அடிமை எனக் கூறி, ஓலை காட்டி வழக்கிட வந்த முதிய அந்தணரை அவர் பித்தன் என்று இகழ்ந்தார். அவ்வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் தீர்ந்தது. வந்தவர் இறைவனே எனத் தெளிந்தபோது, இகழ்ந்த அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு சுந்தரர் பணிக்கப்பட்டார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. வசையாக வீசப்பட்ட சொல் ஒரு பதிகத்தின் தலைச்சொல்லாக உயர்ந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர்.

தமிழ் இலக்கியம் பித்தரைக் கண்டும் காணாமல் சென்றதில்லை. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத் தெருவில் மையலுற்ற ஒருவன் அலைகின்றான். அவனைச் சூழ்ந்து மக்கள் நிற்கின்றனர். அவனுடைய கோலத்தையும் செயலையும் விரித்துரைக்கும் சாத்தனார், அவனைப் பார்த்து நின்றோரையும் காட்டத் தவறவில்லை. சித்த மருத்துவமோ உளநோய்களைக் கிரிகை என்னும் பெயரால் தொகுத்துப் பதினெட்டு வகைப்படுத்தியது. பித்து என்பதும் பித்தம் என்பதும் ஒட்டி வழங்கும் மொழியில், மனநோயை உடல்நோயோடு சேர்த்து எண்ணும் மரபு பழமையானது என்பதில் ஐயமில்லை.

கடந்த இரு நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. வசைச்சொல் உயர்வு பெற்றது அந்தக் காலம். ஊர்ப்பெயரே வசையாகத் தாழ்ந்தது இந்தக் காலம். சென்னையில் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை, மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான் ஆகிய மூன்று பெயர்களும் தமிழர் வாயில் ஏளனக் குறிப்புகளாக வழங்கின. இலண்டன் பெத்லெம் மருத்துவமனையின் பெயர் சிதைந்து, கூச்சலும் குழப்பமும் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் நிலைபெற்றதும் இத்தகையதே. திரைப்பட நகைச்சுவையிலும் மேடைப் பேச்சிலும் கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டுச் சிரித்தோர், அம்மதிலுக்குள் இருந்தவர்களைப் பற்றி எண்ணியிருக்கக்கூடும். ஆனால் நாள்தோறும் அம்மதிலுக்குள் சென்று, நோயாளரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் விழித்திருந்து, மறுநாளும் அதே வாயிலில் நுழைந்தவர்களைப் பற்றி எண்ணியவர் மிகச் சிலரே.

மருத்துவமனைகளின் வரலாறு பெரும்பாலும் கண்காணிப்பாளர்களின் வரலாறாகவும் கட்டடங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. ஓர் இடம் சிறையாக இருந்ததா, மருத்துவமனையாக இருந்ததா என்பதை நாள்தோறும் முடிவு செய்தவர்களோ கடைநிலைப் பணியாளர்கள். அவர்கள் வழியாக அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

கும்பினிக் காலம்

சென்னையில் பித்தர்க்கென ஒரு தனி இல்லம் 1794-இல் தோன்றியது. கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவர் வேலன்டைன் கானலி என்பவர் அதனைப் புரசைவாக்கப் பகுதியில் நிறுவினார். அது சுமார் இருபது பேர் தங்கத்தக்க சிறிய இல்லம். அரசு கட்டிய மருத்துவமனை அன்று. கும்பினி பணம் அளிக்க, மருத்துவர் தம் பொறுப்பில் நடத்திய தனியார் நிறுவனமே அது. பின்னர் டால்டன் என்னும் மருத்துவர் 1807-இல் அதனைப் புதுக்கிக் கட்டினார். மக்கள் அதை டால்டனின் பித்தர் மருத்துவமனை என்றே வழங்கினர். பணியாற்றியோர் பெயரால் அன்றி, உடைமையாளர் பெயரால் ஒரு நிறுவனம் அறியப்படுவது அன்று தொடங்கிய வழக்கம்.

1858-இல் இயற்றப்பட்ட பித்தர் சட்டங்கள் இந்நிலையை மாற்றின. கும்பினி ஆட்சி முடிந்து அரசியார் ஆட்சி வந்த அதே ஆண்டில், தெருவில் அலையும் பித்தரைப் பிடித்து நடுவர் முன் நிறுத்தும் கடமை காவல்துறைக்கு அளிக்கப்பட்டது. காப்பகங்களுக்கு வருவோர் தொகை பெருகியது. பழைய இல்லம் போதாமையால், லோகாக் தோட்டம் எனப்பட்ட 66 ஏக்கருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் புதிய காப்பகம் கட்டப்பெற்று 1871-இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்த நோயாளர் 145 பேர். கீழ்ப்பாக்கத்தை ஒட்டிய மேடவாக்கம் குளச் சாலையில் இன்றும் இயங்கும் மருத்துவமனை அதுவே. அதே காலப்பகுதியில் சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளிலும் காப்பகங்கள் எழுந்தன. விசாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி, கோழிக்கோடு ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இக்காப்பகங்களைப் பற்றி ஆண்டுதோறும் அரசு அறிக்கைகள் அச்சிடப்பட்டன. அவற்றில் நோயாளர்க்குப் பல பத்திகள் உண்டு: சேர்ந்தோர், குணமடைந்து சென்றோர், இறந்தோர், தப்பியோர் என அவர்கள் எண்ணப்பட்டனர். உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு எனச் செலவுகள் பிரிக்கப்பட்டன. பணியாளரை அவ்வறிக்கைகளில் தேடுவோர் அவர்களைச் செலவுப் பத்தியில்தான் பெரிதும் காண முடியும். சிப்பந்திச் செலவு என்னும் ஒரு தலைப்புக்குள் அத்தனை வாழ்வும் அடங்கிவிடுகிறது. மருத்துவருக்குப் பெயர் உண்டு. நோயாளிக்கு எண் உண்டு. காவலாளுக்கு இவ்விரண்டும் அரிது.

அச்செலவுத் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சிற்றூரே தென்படும். கண்காணிப்பாளர், அவருக்குக் கீழ் மருந்து கொடுப்போர், மேற்பார்வையாளர், ஆண்கள் பகுதிக்கு ஆண் காவலர், பெண்கள் பகுதிக்குப் பெண் காவலர், சமையலாளர், தண்ணீர் சுமப்போர், நாவிதர், சலவைத் தொழிலாளர், தோட்டக்காரர், துப்புரவுப் பணியாளர், வாயிற்காவலர் என அது விரியும். ஐரோப்பியர், யுரேசியர், இந்தியர் என நோயாளரைப் பிரித்து வைத்தது போலவே பணியாளர்க்குள்ளும் நிறமும் சாதியும் படிநிலைகளை வகுத்தன. உயர்பதவிகள் ஐரோப்பியர்க்கு உரியனவாக இருந்தன. அடுப்படியும் கழிப்பிடமும் ஊரில் எப்படிப் பிரிந்து கிடந்தனவோ, அப்படியே மதிலுக்குள்ளும் பிரிந்து கிடந்தன. நோயாளியின் உடலோடு மிக நெருங்கிப் பணியாற்றியவர் மிகக் குறைந்த ஊதியம் பெற்றவர் என்பது அந்நிறுவனத்தின் எழுதப்படாத விதி.

தென்னார்க்காட்டிலிருந்து சென்ற வழி

காப்பகத்தின் பணி மதிலுக்குள் தொடங்கவில்லை. விழுப்புரமும் திண்டிவனமும் அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டங்கள். 1870-களின் இறுதியில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை இவ்வட்டாரத்தைச் சென்னையோடு இணைத்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கும் 1879-இல் கிளைப்பாதை பிறந்தது. சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர். விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். வண்டிப்பாதையில் நாள்கணக்கில் நீண்ட தொலைவு, புகைவண்டி வந்தபின் ஒரு பகற்பொழுதில் அடங்கியது.

1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் இப்பயணத்தின் படிகளை வரையறுத்தது. சந்தையிலோ சத்திரத்திலோ அலைந்து திரியும் ஒருவரைக் காவல் நிலைய அதிகாரி பிடித்து நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவர் மருத்துவரைக் கொண்டு ஆராய வேண்டும். ஐயம் தீராவிடில் ஒரு முறைக்குப் பத்து நாள் வரை அவரைக் காவலில் வைத்துக் கவனிக்கலாம். மொத்தத்தில் அது முப்பது நாளைத் தாண்டலாகாது. பின்னர் மருத்துவர் சான்றும் நடுவர் ஆணையும் பெற்றுக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.

சட்டம் சில வரிகளில் சொல்லிச் செல்லும் இச்செயலை உடலால் செய்து முடித்தவர் கடைநிலைக் காவலர். நோயின் இயல்பு அறியாத, அதற்கெனப் பயிற்சி பெறாத ஒருவர், தம்மையே இன்னாரென்று அறியாத மற்றொருவரை அழைத்துக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. குற்றவாளியைக் கொண்டுசெல்லும் முறை ஒன்றையே அவர் அறிவார். எனவே அம்முறையே நோயாளிக்கும் வாய்த்தது. மருத்துவத்தை நாடிச் செல்லும் பயணம் கைதுப் பயணமாகத் தோன்றியதற்கு இதுவே காரணம். ஊரார் கண்டதும் அத்தோற்றத்தையே. மருத்துவமனைக்குச் சென்றவர் என்று சொல்லாமல், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் என்று ஊர் சொன்னதில் வியப்பில்லை.

திறவுகோலும் சோற்றுத் தட்டும்

பெரிய காப்பகங்களின் ஒரு நாள் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிவது. விடியலில் கூடங்களைத் திறந்து ஆள்களை எண்ணுதல், பின் கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லுதல், இரவில் நனைந்த பாயையும் துணியையும் அகற்றுதல், குளிப்பாட்டுதல், புண்ணும் பேனும் உண்டா எனப் பார்த்தல், உண்ண மறுப்பவரை இணக்குதல், பிறர் சோற்றைப் பறிப்பவரைத் தடுத்தல், வேலைக்குச் செல்வோரைத் தோட்டத்துக்கும் தறிக்கும் அழைத்துச் செல்லுதல், மண்வெட்டியும் அரிவாளும் குறையாமல் திரும்ப வந்தனவா என ஒப்பிட்டுப் பார்த்தல், மாலையில் மீண்டும் எண்ணிப் பூட்டுதல். இரவுக் காவலரோ கூடந்தோறும் நடந்து, மூச்சும் முனகலும் கேட்டு, விடியும்வரை விழித்திருக்க வேண்டும்.

இப்பணிகளுள் எதுவும் அரிய கலை அன்று. ஒரு வீட்டில் தாய் குழந்தைக்கும், மகள் முதிய தந்தைக்கும் செய்வன. ஆனால் வீட்டில் ஒருவருக்குச் செய்வதை ஐம்பது பேருக்குச் செய்ய நேரும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. ஒருவரைக் குளிப்பாட்டுதல் பரிவு. ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுதல் வெறும் வேலை. கையின் வேகம் கூடக் கூட அதன் மென்மை குறையும். இங்குக் குறைபாடு மனிதரின் குணத்தில் மட்டும் இல்லை, எண்ணிக்கையிலும் இருந்தது.

பணியாளரின் அச்சமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அறிக்கையில் தப்பியோர் என ஒரு பத்தி இருந்தது என்றால், அப்பத்தியில் ஓர் எண் ஏறும்போதெல்லாம் கீழே ஒரு காவலர் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது பொருள். நோயாளி தப்பினாலும் தூக்கிட்டுக்கொண்டாலும் கேள்வி காவலரை நோக்கியே வரும். நோயாளி சிரித்தார், பத்தாண்டுக்குப் பின் வாய்திறந்து தம் பெயரைச் சொன்னார் என்பதற்கோ அறிக்கையில் பத்தி இல்லை. தவற்றுக்குத் தண்டனை உண்டு, பரிவுக்குக் கணக்கில்லை என்னும் அமைப்பில், பணியாளர் பூட்டை நம்பியது இயற்கையே. நோயாளி எவ்வளவு குறைவாக அசைகிறாரோ அவ்வளவு குறைவு தமக்கு இடர் என அவர் கற்றுக்கொண்டார்.

அடியும் நிகழ்ந்தது, இதனை மறைத்தல் வரலாறு ஆகாது. சோற்றைக் குறைத்தலும், வந்து காணும் உறவினரிடம் காசு பெறுதலும் உலகின் பல காப்பகங்களில் பதிவான குற்றங்கள். சமுதாயத்தில் எவர் மீதும் அதிகாரம் இல்லாத ஒருவர் கையில் திறவுகோல் கிடைக்கும்போது, அது சில கைகளில் பரிவாகவும் சில கைகளில் கொடுமையாகவும் வெளிப்பட்டது. நோயாளி கடித்த தழும்பைத் தோளில் சுமந்தவரும், நோயாளியை அறைந்த கையை உடையவரும் ஒருவராகவே இருந்திருக்கவும் கூடும். காவலரைத் தியாகியாக வரைவதும் அரக்கராக வரைவதும் எளிது. இரண்டுமே அவர் எத்தகைய பணிச்சூழலில் நிறுத்தப்பட்டார் என்னும் கேள்வியிலிருந்து நழுவும் வழிகள்.

புசேன் காட்டிய நெறி

காவலரால் ஆகக்கூடியது என்ன என்பதற்குப் பிரெஞ்சு நாட்டில் ஒரு சான்று உண்டு. மனநோயாளரின் சங்கிலியை அவிழ்த்தவர் என்று உலகம் போற்றுவது பினேல் என்னும் மருத்துவரை. பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் பெண் நோயாளரின் தளையை நீக்கும் காட்சியை 1876-இல் டோனி ரோபேர் பிளெரி வரைந்த ஓவியம் புகழ்பெற்றது. அவ்வோவியத்துக்கு முற்பட்ட உண்மை வேறு. ழான் பத்தீஸ்த் புசேன் என்பவர் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோயால் பிசேத்ரு மருத்துவமனைக்கு வந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியில் அமர்ந்து, மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளராக உயர்ந்தவர். அவர் மனைவி மார்கரீத்தும் உடன் பணியாற்றினார். பினேல் பிசேத்ருவை விட்டு 1795-இல் சென்றுவிட்டார். அதன்பின் 1797-இல் அங்குச் சங்கிலிகளை நீக்கியவர் புசேன்.

நோயாளரை அடிக்கும் பணியாளரைப் புசேன் பொறுக்கவில்லை. நோயிலிருந்து மீண்டவர்களைப் பணிக்கு அமர்த்துவதை அவர் விரும்பினார். துன்பத்தை அறிந்தவர் துன்புறுத்தத் தயங்குவர் என்பது அதன் அடிப்படை. பினேல் இவரிடம் கற்றதைத் தம் நூலில் நன்றியோடு குறித்தார். பின்னாளில் இவரைச் சால்பெத்ரியேருக்கும் வரவழைத்துக்கொண்டார். மருத்துவர் மறைக்காத பெயரை ஓவியமும் சிலையும் மறைத்துவிட்டன.

புசேனிடம் இயல்பாக அமைந்ததை எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் பிரிட்டனில் 1885-இல் உருப்பெற்றது. மனநோயாளரைக் கவனிப்போர்க்கென ஒரு கையேடு அவ்வாண்டில் வெளியிடப்பட்டது. 1890 முதல் தேர்வும் சான்றிதழும் ஏற்பட்டன. மனநோயாளியைக் கவனித்தல் கூலிவேலை அன்று, கற்றுத்தேற வேண்டிய தொழில் என்பதை உலகம் ஏற்கத் தொடங்கிய காலம் அது. இந்தியாவில் அவ்வெண்ணம் வேரூன்ற மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் 1954-இல் தோன்றிய பின்னரே மனநோய்ச் செவிலியர்க்கு முறையான பட்டயக் கல்வி இங்கு உருவாயிற்று.

பெயர் மாறியது, கை?

1920-களின் தொடக்கத்தில் பித்தர் காப்பகம் என்ற பெயர் நீங்கி, கீழ்ப்பாக்கம் நிறுவனம் அரசு மனநோய் மருத்துவமனை ஆயிற்று. இந்தியா முழுவதும் அக்காலத்தில் இப்பெயர் மாற்றம் நிகழ்ந்தது. பெயர்ப்பலகை ஒரு நாளில் மாறும். எண்ணிக்கை அவ்வாறு மாறுவதில்லை. போர் கமிட்டியின் பொருட்டு இந்திய மனநோய் மருத்துவமனைகளை ஆராய்ந்த மூர் டெய்லர் என்னும் மருத்துவர் கண்டது இடநெருக்கடியையும் பயிற்சியற்ற பணியாளரையுமே. 1946-இல் வெளிவந்த அக்கமிட்டியின் அறிக்கை, இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை இருக்க, இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒன்றே இருப்பதை எடுத்துக்காட்டியது.

புதிய சிகிச்சைகள் பணியாளரின் வாழ்வையும் மாற்றின. இன்சுலின் மயக்கச் சிகிச்சை நிகழ்ந்த காலத்தில், மயங்கிய நோயாளியின் அருகிலேயே இருந்து, நாடி பார்த்து, உரிய நேரத்தில் சர்க்கரைக் கரைசல் செலுத்தி மீட்கும்வரை கண்ணிமைக்காத கவனம் வேண்டியிருந்தது. மின்னதிர்ச்சிச் சிகிச்சையில், மயக்க மருந்து வழக்கத்துக்கு வருமுன், வலிப்பில் எலும்பு முறியாமல் கைகால்களைத் தாங்கிப் பிடித்தவர் பணியாளரே. 1950-களில் குளோர்ப்ரோமசின் முதலிய மாத்திரைகள் வந்தபின் கூச்சலும் கொந்தளிப்பும் தணிந்தன. பிடித்து அடக்கும் வலிமையைவிட, மாத்திரை விழுங்கப்பட்டதா எனப் பொறுமையுடன் பார்க்கும் கண்ணே இன்றியமையாததாயிற்று. தோளால் செய்த பணி சொல்லால் செய்யும் பணியாக மாறத் தொடங்கியது.

அம்மாற்றத்தைக் கீழ்ப்பாக்கத்தில் முன்னெடுத்தவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் அவர், அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றி 1978-இல் ஓய்வு பெற்றார். 1,800 படுக்கைகள் கொண்ட அப்பெரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி வழியான சிகிச்சையை அவர் வளர்த்தார். புறநோயாளர் பணியை விரிவாக்கினார். குடும்பத்தினரும் தொண்டு நிறுவனத்தினரும் உள்ளே வர வழி திறந்தார். 1984-இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2021 டிசம்பரில் தம் 98-ஆம் வயதில் மறைந்தார். அவர் காலத்து மாற்றங்களைப் போற்றுவோர், அவற்றை நாள்தோறும் செய்து காட்டிய கைகளையும் சேர்த்தே போற்ற வேண்டும். கூடத்தைத் திறந்துவிடுமாறு ஆணையிடுவது கண்காணிப்பாளரின் துணிவு. திறந்த கூடத்தில் பூட்டின் துணையின்றி நிற்பது பணியாளரின் துணிவு.

மருத்துவமனை ஆங்கிலத்தில் மனநலக் கல்வி நிறுவனம் என்னும் பொருளில் பெயர் பெற்ற பின்னரும், தமிழில் மக்களும் செய்தித்தாள்களும் மனநலக் காப்பகம் என்றே வழங்கி வருகின்றனர். இச்சொல் நோக்கத்தக்கது. கா என்னும் வேரிலிருந்து காவலும் பிறக்கிறது, காப்பும் பிறக்கிறது. காப்பு என்பது நூல் தொடக்கத்தில் நிற்கும் செய்யுள். குழந்தையின் கையில் அணிவிக்கும் வளை. பேச்சு வழக்கில் குற்றவாளிக்கு மாட்டும் கைவிலங்கும் அதுவே. ஒரே சொல்லில் தாயும் சிறைக்காவலரும் நிற்கின்றனர். காப்பகப் பணியாளரின் இரு நூற்றாண்டு வரலாறு இவ்விரு பொருளுக்கும் இடையே நிகழ்ந்த ஊசலாட்டமே எனலாம்.

மதில் இல்லாத இடங்களில்

பெருங்காப்பகத்தின் குறைகளைச் சொல்லி அதனை மூடிவிட்டால் துன்பம் தீரும் என எண்ணுதல் பிழை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது மாண்டனர். இறந்தோர் தொகை 28. அங்கு அரசுக் காப்பகத்தின் மதிலும் இல்லை, அறிக்கையும் இல்லை, பயிற்சி பெற்ற பணியாளரும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்கு மாற்றாகச் சங்கிலி நின்றது. சங்கிலி என்பது மிகக் குறைந்த செலவில் அமர்த்தப்பட்ட காவலர் என்பதை நாடு அன்று கண்டது.

அந்தப் பாடம் இவ்வட்டாரத்துக்கும் தொலைவானது அன்று. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிய உரிமம் இன்றி இயங்கியதாகக் கூறப்பட்ட ஒரு தனியார் காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்டனர். மனநலம் குன்றியோரும் ஆதரவற்றோரும் அங்கு இருந்தனர். துன்புறுத்தல் புகார்களும் எழுந்து வழக்குப் பதிவாயிற்று. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் கூறும். கேட்க வேண்டிய வேறொரு கேள்வி ஊருக்கும் உண்டு. அங்கு இரவில் விழித்திருந்தவர் எத்தனை பேர், அவர்கள் கற்றது என்ன, பெற்ற ஊதியம் என்ன என்பதே அது. அதனைத் தீங்கு நேருமுன் கேட்பாரில்லை.

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே ஆண்டில். 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் மேலும் முன்னேறியது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதலை அது தடை செய்தது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டுப்படுத்தலாம் என்றும், அதனையும் பதிவு செய்தல் வேண்டும் என்றும் விதித்தது. நோயாளியை வேலை செய்யக் கட்டாயப்படுத்தலாகாது, செய்தால் ஊதியம் தருதல் வேண்டும் என்றது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் ஒன்றாக இருந்தது திருச்சிராப்பள்ளி. பின்னர் அது தமிழகத்தில் பரவலாயிற்று. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தபின், இவ்வட்டார மக்கள் மனநல மருத்துவத்துக்குக் கீழ்ப்பாக்கம்வரை செல்லவேண்டிய கட்டாயம் குறைந்தது. அன்று நடுவர் ஆணையோடு காவலர் அழைத்துச் சென்ற வழியில், இன்று தாயோ மகனோ மாத்திரைச் சீட்டோடு நகரப் பேருந்தில் சென்று வரலாம்.

இதனால் காவலரின் பணி மறையவில்லை, இடம் மாறியது. கூடத்தில் ஐம்பது பேரைக் கவனித்தவரின் வேலையை இன்று வீட்டில் ஒரு மனைவியோ முதிய தாயோ ஊதியமும் விடுப்பும் மாற்றாளும் இன்றிச் செய்கின்றனர். பயிற்சியற்ற காவலரின் அச்சமும் களைப்பும் இப்போது அவர்களுக்கு உரியனவாயின. 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்வகைக்கேற்ப நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர்வரை சிகிச்சை பெறாதிருத்தலைக் கண்டது. அத்தனை பேரும் யாரோ ஒருவரின் கையில்தான் இருக்கின்றனர்.

முடிவுரை

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறும் காதை ஒன்று உண்டு. அம்மாற்றம் அரசாணையால் தொடங்கவில்லை. மணிமேகலை பாத்திரம் ஏந்தி உள்ளே சென்று, பசித்தோர்க்கு உணவளித்தாள். அதனைக் கண்டு வியந்த கோட்டக் காவலர்களே அரசனிடம் சென்று செய்தி கூறினர். அரசன் அவளை அழைத்து விருப்பம் கேட்டது அதன்பின். சிறையை அறச்சாலையாக்கியது அதற்கும் பின். ஆணைக்கு முன் உணவு சென்றது. உணவு செய்த மாற்றத்தை முதலில் உணர்ந்தவர் காவலர். சாத்தனார் அமைத்த இவ்வரிசை, கீழ்ப்பாக்கத்தின் வரலாற்றுக்கும் பொருந்துகிறது. சட்டமும் பெயர்ப்பலகையும் கதவு வரை வரும். கதவுக்கு அப்பால் அவற்றை எடுத்துச் செல்வது ஒரு பணியாளரின் கை. அந்தக் கைக்குப் பயிற்சி, போதிய துணை, தக்க ஊதியம், தவற்றைக் கண்டிப்பது போலவே பரிவையும் பதியும் ஏடு ஆகியன வேண்டும்.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பணியாளர் தம் வேலையிடத்தின் பெயரைச் சொல்லும்போது கேட்போர் சிரிப்பார்களாயின், அவர் தம் பணியை உயர்வாக எண்ணுதல் அரிது. ஓர் ஊரின் பெயரைச் சிரிப்புக்குரியதாக்கியது சொல். அதனை மீட்க வல்லதும் சொல்லே. இகழ்ச்சியாக எழுந்த ஒரு சொல்லை வாழ்த்தாக மாற்றிய திருவெண்ணெய்நல்லூர், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் எட்டாத ஊர் அன்று.